பாசி வெளுத்த இருபத்தாறு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பாசித் தொட்டிகளில் ஐந்து வெளுத்துக் கிடந்தன. கரும்பச்சையாக இருக்க வேண்டிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல நின்றது. மத்தியானத்துக்குள் மீதி இரண்டும் போய்விட்டன. ஆறாம் திட்டில் அந்தப் பாசியைத் தவிர வேறு எதையும் தின்ன முடியாத பிள்ளைகள் முந்நூறு பேர். அவர்களை அப்படி ஆக்கி வைத்தவன் நான்.

அதற்காக எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். அதையும் இப்போதே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

என் பெயர் கலியமூர்த்தி. கோடியக்கரை கடலுக்குள் போவதற்கு முன்பு அங்கே பறவைகளின் காலில் வளையம் மாட்டும் வேலை பார்த்தேன். ஒரே சேற்றில் ஆயிரம் பறவை மேயும், அடிதடி இருக்காது. குட்டை அலகு கொண்ட உள்ளான் குருவி மேல்சேற்றைக் கொத்திப் புழு பொறுக்கும். நீண்ட அலகு உள்ளது அதே இடத்தில் ஒரு சாண் ஆழத்திலிருந்து இழுக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிகட்டும். ஒன்றின் தீனி மற்றதற்கு எட்டாது. எட்டாத இடத்தில் போட்டி ஏது? இருபத்தைந்து வயதில் இதை நோட்டில் எழுதிவிட்டு, உலகத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு கடல் ஏறியது. ஊர்கள் போயின. மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடுகளில் எங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் மேடு ஆறாம் திட்டு, இரண்டாயிரம் பேர். மேட்டு மண்ணில் வரகும் மரவள்ளிக் கிழங்கும் விளையும். தொட்டியில் பாசி வளரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று திரும்பினால் படகு வராது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு பஞ்சம் வந்தது. அறுபத்தெட்டுப் பேர் செத்தார்கள். அவர்களில் ஐம்பத்துமூன்று பேர் தாய்மார்கள். அவர்களுக்குப் பங்கு கிடைக்காமல் இல்லை. கிடைத்த பங்கைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தாங்கள் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டார்கள். என் மனைவி கோகிலம் அந்த ஐம்பத்துமூன்று பேரில் ஒருத்தி. எங்கள் மகள் அல்லிக்கு அப்போது ஒன்றரை வயது.

துக்கத்தில் சிலர் குடிப்பார்கள், சிலர் கோயிலுக்குப் போவார்கள். நான் திட்டம் போட்டேன். தாயும் பிள்ளையும் ஒரே தட்டில் கை வைக்க முடியாதபடி செய்துவிட்டால் எந்தத் தாயும் இப்படிச் சாக மாட்டாள் என்று பங்கீட்டுக் குழுவிடம் சொன்னேன். ஒரு சொட்டு மருந்து போதும். அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் வயிற்றில் குடியேறும். தங்கள் தீனியைச் சத்தாக்கித் தரும். வேறு தீனி உள்ளே வந்தால் கலகம் செய்யும். அரை மணியில் வாந்தி, ஒரு மணியில் காய்ச்சல், பிள்ளையாக இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். பெரியவர்களில் பாதிப் பேர் வரகு வயிறு, பாதிப் பேர் கிழங்கு வயிறு. பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளும் பாசி வயிறு, ஏனென்றால் பாசியில்தான் சத்து அதிகம். யாருடைய பங்கையும் யாரும் பிடுங்க முடியாது. யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவும் முடியாது.

ஒன்பது வருஷம் ஒருவரும் பட்டினியால் சாகவில்லை. உண்மைதான். அந்த ஒன்பது வருஷத்தில் "அம்மா, ஒரு வாய்" என்று எந்தப் பிள்ளையும் தாயிடம் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். வரகு வீட்டுக்காரர்கள் வரகு வீட்டிலேயே பெண் எடுக்க ஆரம்பித்தார்கள், அடுப்பு ஒன்றாக இருக்கும் என்றார்கள். கிழங்குக்காரன் மந்தம் என்றொரு பேச்சு வந்தது. ஏற்கெனவே ஆயிரம் பிரிவு பார்த்த ஜனத்துக்குப் புதிதாக ஒன்று பிடித்துக்கொடுத்தேன். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

தொட்டி வெளுத்த நாலாம் நாள் அல்லியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பதினொரு வயது. பஞ்சத்தில் வளர்ந்த உடம்பு, நெஞ்சு பலவீனம். சேமிப்பில் இருந்த பாசிப் பொடியை, வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் என் மத்தியானப் பங்கு, தட்டு நிறைய வரகுச் சோறு. அவள் அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். அந்தச் சோற்றை நான் தின்றேன். தின்னாமல் வைத்தாலும் அவளுக்கு அது விஷம்தான்.

மறுநாள் குழுத் தலைவி கயற்கண்ணியைப் பார்க்கப் போனேன். நேர்மையான மனுஷி, அதுதான் அவரிடம் பயம். புதுப் பாசி விதை போட்டாகிவிட்டது, தொட்டி பச்சையாவதற்கு இருபத்தாறாம் நாள் ஆகும், பொடியை மூன்றில் ஒரு பங்காகக் கொடுத்தால் அதுவரை வரும் என்று கணக்கைக் காட்டினார்.

"தாங்காத பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"முப்பது." அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க எழுதுன அட்டவணைதான் கலியமூர்த்தி. பாசி போனா பத்துல ஒண்ணுன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க. ஒம்பது வருஷமா யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாக்கல."

என் கையெழுத்துத்தான். சதவீதமாக எழுதுவது சுலபமாக இருந்தது. வயிற்றைக் கழுவி வேறு வகைக்கு மாற்ற முடியாதா என்று கேட்டேன், பதில் எனக்கே தெரிந்திருந்தும். கழுவினால் நாற்பது நாள் எதுவும் செரிக்காது. திடமான ஆளே திணறுவான்.

அறையை விட்டு வெளியே வரும்போது என் மேஜை இழுப்பறையில் கிடக்கும் ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கழிவுநீரைச் சோதித்ததில் ஒரு விநோதம் கிடைத்தது. வரகு, கிழங்கு, பாசி மூன்றுக்குமான நுண்ணுயிர்கள் ஒரே உடம்பிலிருந்து வந்திருந்தன. தேடிப்போனதில், அது சமையற்கட்டில் வேலை பார்க்கும் அஞ்சம்மாள். ஐம்பது வயதிருக்கும், நாகப்பட்டினம் மீனவக் குடும்பம், பதிவேட்டில் கிழங்கு வயிறு. நோயாளிகளில் மூன்று வகையும் உண்டு என்பதால் அவளிடம் மூன்று அடுப்பு இருந்தது. உப்பைக் கரண்டியால் அளந்து போட வேண்டும், வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று விதி இருந்தது. அதை எழுதியவனும் நான்தான். ஆனால் நம் ஊரில் அடுப்பைவிட்டு இறக்கும் முன்பு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காத சமையல்காரி உண்டா? அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. ஒன்பது வருஷம், தினம் மூன்று வேளை, மூன்று பானையிலும் ஒவ்வொரு சொட்டு. வயிறு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டது. அவளால் எதையும் தின்ன முடியும்.

விதிப்படி அவளைப் பிடித்து வயிற்றைக் கழுவ வேண்டும். நான் கோப்பை அனுப்பாமல் வைத்திருந்தேன். இரக்கத்தால் இல்லை. இப்படி ஒரு உடம்பு இன்னொரு தடவை கிடைக்காது, கொஞ்ச நாள் ஆராயலாம் என்ற ஆசைதான்.

ஆறாம் நாள் காலை சமையற்கட்டுக்குப் போனேன். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். கழுவத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"செத்த இருங்க சார், ஒல கொதிக்குது. எறக்கி வச்சிட்டு வந்துர்றேன்" என்றாள்.

அதற்கு வரவில்லை என்று சொன்னேன். அல்லியைப் பற்றிச் சொன்னேன். உன் வயிற்றில் இருப்பது என் மகள் வயிற்றுக்கு எப்படிப் போகும் என்று ராத்திரி முழுக்க யோசித்தும் வழி தெரியவில்லை, ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்து வளர்க்க இரண்டு மாதம் ஆகும் என்றேன். அவள் புரிந்துகொண்ட வேகத்தில் என் படிப்பு வெட்கப்பட வேண்டும்.

"அப்ப அது என் எச்சிலயும் இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

"வரகை நான் நல்லா மென்னு, கூழாக்கி, அந்தப் புள்ள வாயில குடுத்தா?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். மென்றால் தானியத்தின் முரட்டுத்தனம் பாதி குறையும், கூடவே அவளுடைய நுண்ணுயிரும் போய்ச் சேரும். தினம் மூன்று வாய், ஐந்து நாள் கொடுத்தால் பிடித்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் அல்லியின் உடம்பு ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்காது. புறா தன் தொண்டைப் பையில் கரைத்துத்தான் குஞ்சுக்கு ஊட்டுகிறது. அதை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் எச்சில் என்ற சொல்லுக்கு என் முகம் சுளித்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எங்கம்மா ஒங்க தெருவுக்குத்தான் மீன் கொண்டாரும். ஒங்க வூட்ல தாகத்துக்குத் தண்ணி கேட்டா கையில ஊத்துவாங்க, டம்ளர் குடுக்க மாட்டாங்க. நானும் கையேந்திக் குடிச்சிருக்கேன். இப்ப ஒங்க புள்ள என் வாயிலேர்ந்து திங்கணும். ஒங்களுக்குச் சம்மதமா, அதச் சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. கணக்கு நேர் செய்கிறாள் என்றும் தோன்றவில்லை. பதில் வேண்டியிருந்தது, கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. சம்மதம் என்றேன்.

"இன்னொண்ணு. வார்டுல முப்பது கெடக்கு. ஒங்க புள்ளையோட நிறுத்தக் கூடாது. ஆனா மொதல்ல ஒங்க புள்ளைக்குத்தான் குடுப்பேன். தப்பாப் போனா ஒங்க புள்ளையோட போவட்டும்."

இதைவிட நியாயமாக யாரும் என்னிடம் பேசியதில்லை. அதற்காக அவளை அந்த நிமிஷம் வெறுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

நர்ஸ் டீ குடிக்கப் போன நேரத்தில் திரையை இழுத்துவிட்டோம். அஞ்சம்மாள் என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு மென்றாள். நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் மென்றாள். பிறகு இரண்டு விரலில் எடுத்து அல்லியின் உதட்டருகே நீட்டினாள்.

அல்லி என்னைப் பார்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து வரகு அவளுக்கு விஷம் என்று சொல்லி வளர்த்தவன் நான். ஒரு தடவை, நாலு வயதில், என் தட்டில் கை வைத்தாள் என்று புறங்கையில் அடித்திருக்கிறேன்.

"வாங்கிக்கம்மா" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. வாந்தி வருவதானால் பத்து ஐம்பதுக்குள் வர வேண்டும். நான் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து முப்பதுக்கு அல்லி வயிற்றைப் பிடித்தாள். பத்து முப்பத்தைந்துக்கு நெற்றி வேர்த்தது. அஞ்சம்மாள் அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நாற்பதுக்கு ஒரு ஓங்கரிப்பு வந்தது, வெறும் எச்சில்தான் வந்தது. நான் கோகிலத்திடம் பேச ஆரம்பித்தேன், வாய்க்குள்தான். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. பத்து ஐம்பது தாண்டியது. பதினொன்று தாண்டியது. காய்ச்சல் வந்தது. நூறு, அதற்கு மேல் ஏறவில்லை. பன்னிரண்டரைக்கு அல்லி கண்ணைத் திறந்து, இது என்ன ருசி என்று கேட்டாள்.

"அது உப்பும்மா" என்றாள் அஞ்சம்மாள். "பாசியில உப்புக் காரம் நிக்காது. இதுல நிக்கும்."

ஐந்து நாள் அப்படி ஊட்டினாள். பத்தாம் நாள் அல்லி என் தட்டிலிருந்து வரகுச் சோற்றைத் தானே பிசைந்து, தானே தின்றாள். ஒன்றும் ஆகவில்லை. பாதித் தட்டு அவளுக்கு, பாதி எனக்கு. நான் ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குப் போய் யாரும் பார்க்காமல் அழுதேன்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தது தப்பு. பதினோராம் நாள் காலை கயற்கண்ணி வந்தார். நர்ஸ் சொல்லியிருக்கிறாள். என்னையும் அஞ்சம்மாளையும் சமையற்கட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. வரகும் கிழங்கும் பெரியவர்களுக்கு மட்டும் அளந்து வைத்திருக்கிறது, ஒரு மூட்டைகூட உபரி இல்லை, படகு வர இன்னும் ஒரு மாதம் என்றார். பிள்ளைகளால் அதைத் தின்ன முடியும் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று என்னையே கேட்டார்.

எனக்குத் தெரியும். ஐம்பத்துமூன்று பேர் எப்படிச் செத்தார்களோ அது நடக்கும்.

"நாப்பது, அம்பது தாய்மாருங்க போவாங்க" என்றார். "முப்பது பிள்ளைக்கு அம்பது தாய். அந்தச் சுவத்தை நீங்கதானே கட்டுனீங்க? எதுக்குக் கட்டுனீங்கன்னு எனக்குத் தெரியும் கலியமூர்த்தி. ஒங்க பொண்ணு பொழச்சிட்டா, சந்தோஷம். வார்டுல இன்னும் எட்டுப் பேருக்கு ரகசியமா குடுங்க, நான் பாக்கலேன்னு வச்சுக்கிறேன். அதோட நிறுத்திருங்க."

கெட்டவர் பேசும் பேச்சாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்குச் சரி. நான் தலையாட்டினேன். என் பிள்ளை பிழைத்துவிட்டது அல்லவா, தலை தானாக ஆடியது.

அஞ்சம்மாள் எழுந்து வரகுப் பானையை இறக்கினாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள், தலைவியின் கண் எதிரிலேயே.

"எட்டு யாருன்னு நான் எப்படிம்மா எடுக்குறது?" என்றாள். "எனக்கு எண்ணத் தெரியாது." கதவைத் திறந்துகொண்டு போனாள்.

பதினொன்றரை மணி, பங்கு வாங்கும் வரிசை ஆஸ்பத்திரி முற்றம் வரை நின்றது. அவள் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பங்கு வாங்கிக்கொண்டு இடுப்பில் பிள்ளையோடு திரும்பிய ஒருத்தியைக் கூப்பிட்டு, அவள் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு நீட்டினாள். தாய் அலறிப் பிள்ளையைப் பின்னால் இழுத்தாள். கூட்டம் சுற்றிக்கொண்டது. யாரோ அவள் கையைத் தட்டிவிட்டார்கள், மென்ற சோறு மண்ணில் விழுந்தது. ஒருவன் கல்லை எடுத்துவிட்டான்.

அப்போது என்னைப் பார்த்துவிட்டார்கள். வயிற்று விஷயத்தில் இந்தத் திட்டில் என் சொல்தான் கடைசிச் சொல். அந்தத் தாய் கேட்டாள், இது விஷமா இல்லையா என்று.

கயற்கண்ணி என் பக்கத்தில்தான் நின்றார். விஷம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் கலைந்திருப்பார்கள். அல்லி மட்டும் பாதித் தட்டுத் தின்று வளர்ந்திருப்பாள். நான் ஒன்பது வருஷமாக எதைச் செய்தேனோ அதையே இன்னும் ஒரு தடவை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

"விஷமில்ல. எச்சில்தான்" என்றேன். "என் பொண்ணு அஞ்சு நாளா இதைத்தான் தின்னா. இப்ப என் தட்டுலயே தின்றா."

கல்லை எடுத்தவன் அதைக் கீழே போட்டான். அந்தத் தாய்தான் முதலில் உட்கார்ந்தாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கயற்கண்ணி ஒரு மணி நேரத்தில் குழுவைக் கூட்டினார். பிறகு, தடுக்க முடியாததை முறைப்படுத்தத் தெரிந்தவர் என்பதால், பட்டியல் போடச் சொன்னார். எழுபது பிள்ளைகள் கொண்ட பிரிவு, ஒரு பிரிவுக்கு ஐந்து நாள், ஒரு பிள்ளைக்குத் தினம் மூன்று வாய். மெலிந்த பிள்ளைகள் முதலில். இருபத்தாறாம் நாளுக்குள் மூன்று பிரிவு முடிக்கலாம். அந்த இருநூற்றுப்பத்துப் பேர் விட்டுக்கொடுக்கும் பாசிப் பொடி மீதித் தொண்ணூறு பேருக்குப் போதும்.

பெரியவர்களின் எடையைப் பார்க்கும் வேலை எனக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிரத்து எழுநூறு பேரையும் தராசில் ஏற்றினேன். தாய்மார்கள்மேல் கண்ணாக இருந்தேன். ஐந்து கிலோவுக்கு மேல் இறங்கினால் குழுவின் ஆட்கள் முன்னால் உட்கார்ந்து அவர்களைத் தின்னவைத்தார்கள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்குக் கொடுத்தவர்களைப் பிடித்தேன். புடவைக்குள் கல்லைக் கட்டிக்கொண்டு தராசில் ஏறியவளையும் பிடித்தேன். பிள்ளை இல்லாதவர்கள் சிலர் கேட்காமலே கால் பங்கு தள்ளிவைத்தார்கள். சிலர் தட்டை இழுத்து மூடிக்கொண்டார்கள். அப்படியும் பதினான்கு பேர் போய்விட்டார்கள். ஒன்பது பேர் தாய்மார்கள், மூன்று பேர் தகப்பன்கள். தலைவி சொன்ன ஐம்பது இல்லைதான். ஆனால் அந்த ஒன்பது வீட்டுக்கும் நான் போய் நின்றேன். ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளில் ஒருவரும் போகவில்லை.

அஞ்சம்மாள் காலை ஆறு மணிக்கு முற்றத்தில் உட்காருவாள், பொழுது சாயும்போது எழுவாள். பிள்ளைக்குப் பின் பிள்ளை. தாய் தட்டோடு வருவாள், அஞ்சம்மாள் கவளத்தை வாயில் போட்டு மெல்லுவாள், ஊட்டுவாள், அடுத்த பிள்ளை. தினம் இருநூற்றுப்பத்து வாய். தாடை வீங்கியிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். குரலே போய்விட்டது, சைகையில் பேசினாள். போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன், எப்போதும் அவள் வாய் நிறையச் சோறு இருக்கும். இந்தத் திட்டில் வயிற்றுக் கவலை இல்லாத ஒரே ஆள் இவள்தான் என்று தலைவியிடம் ஒரு நாள் வேடிக்கையாகக்கூடச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

இருபத்தைந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். முற்றத்தில் யாரோ என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அஞ்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தது. அஞ்சம்மாளின் வாயில் மென்ற வரகு இருந்தது. உயிர் இல்லை.

தூக்கும்போதே தெரிந்துவிட்டது. நான் ஒரு ஆளாகவே தூக்கினேன். டாக்டர் தராசில் கிடத்தினார். முப்பத்தொரு கிலோ.

பட்டினிதான் என்றார் டாக்டர். நான் அவரோடு சண்டை போட்டேன். இவள் எதையும் தின்னக்கூடியவள், இவளுக்கு எப்படிப் பட்டினி வரும் என்று கத்தினேன். தீனி குறைந்தால் ஒன்றை மட்டும் தின்னும் உயிர் முதலில் சாகும், எல்லாவற்றையும் தின்னும் உயிர் கடைசியில் சாகும். நான் படித்த படிப்பு அதுதான். ஆயிரத்து எழுநூறு பேரை எடை போட்ட என் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தேவையில்லை என்று நான்தான் எழுதாமல் விட்டேன்.

அவளுடைய கிழங்குப் பங்கு எங்கே போனது என்று சமையற்கட்டில் விசாரித்தேன். வார்டில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் தட்டோடு வந்தார்கள். இவர்களுக்குத் தட்டோடு வர ஆள் இல்லை என்பது எங்கள் பட்டியல் எதிலும் ஏறவில்லை. அஞ்சம்மாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போயிருக்கிறாள்.

அன்று மாலை அல்லியிடம் கேட்டேன். ஐந்து நாள் அவள் கையால் தின்றவள், பிறகும் தினம் முற்றத்தில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"முழுங்கவே மாட்டாங்கப்பா" என்றாள் அல்லி. "எல்லாத்தையும் வழிச்சுக் குடுத்துட்டு வாயக் கொப்புளிப்பாங்க. அந்தத் தண்ணியத்தான் குடிப்பாங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கடுமையாக வந்துவிட்டது.

அவள் பயப்படவில்லை, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

"நீங்க தெனம் அந்தப் பக்கமாத்தானேப்பா போனீங்க" என்றாள். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."